அண்ணாச்சியின் குமிழ்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு காண வருபவர்கள் கோமதியம்மனின் தவக்கோலத்தை நினைவில் ஏந்தித் திரும்புவார்கள். எங்கள் இருவருக்கும் நினைவில் நிற்பது ஒரு குழாய் ஒலிபெருக்கியின் ஊளை. அதற்குக் காரணம் நாங்களே.

படிப்பை முடித்துவிட்டு மின்னணுச் சுற்றுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரேடியோ செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கிறது என்று எங்களிடம் கொண்டுவந்தார். உள்ளே கரி பூசிய வளைந்த தடம். அதன்மேல் நகரும் உலோக நாக்கு. பல ஆண்டுகள் திருகித் திருகித் தடம் தேய்ந்திருந்தது. அதேபோல் புதிதாக ஒன்றை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எங்களுக்கோ தேயாத பொருள் வேண்டியிருந்தது. 256 படிகள் கொண்ட டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் சில்லு ஒன்றைப் பொருத்தி, குமிழுக்குப் பதிலாக இரண்டு பொத்தான்களை வைத்தோம்.

அச்சில்லுக்குள் அசையும் உறுப்பு எதுவுமில்லை. சிறு மின்தடைகள் ஏணிப்படிகளாக வரிசையில் நிற்கும். எந்தப் படியிலிருந்து ஒலியை எடுப்பது என்பதை மின்னணுச் சுவிட்சுகள் தீர்மானிக்கும். 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காதென்பதால், ஸ்பீக்கர் பக்கம் போகாமல் மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டத்தின் வழியில் அமர்த்தினோம். கரகரப்பு அறவே நின்றது.

தபசன்று மாலை மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உயிர்பெற்ற கணத்தில் குழாய் ஊளையிட்டது. அதனடியில் தாயின் தோளில் உறங்கிய குழந்தை வீறிட்டது. எங்கள் சில்லுக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் நடுப்படியில் போய் நிற்கும். பாதி மின்னழுத்தம் என்பது முழு ஒலியைவிட 6 டெசிபெல் மட்டுமே குறைவு. செவிக்கு அது பாதியன்று, ஏறத்தாழ முழுமையே.

"பாதிப் பாதியா நிக்கது நம்ம சங்கரநாராயணருக்குப் பொருந்தும்டே, சத்தத்துக்குப் பொருந்துமா?" என்றார் அண்ணாச்சி. அவர் கோபித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய பழைய குமிழ் மின்சாரம் இல்லாமலேயே, கை விட்ட இடத்தில் நின்றது. அதை ஒரு திறமை என்று நாங்கள் கருதியதே இல்லை.

பிறகு எக்ஸ்9சி103 என்ற சில்லைத் தேடிப் பிடித்தோம். 99 மின்தடைகள், 100 படிகள். நின்ற படியை அழியா நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். எழுதியது 100 ஆண்டுகள் நிற்கும் என்றது அதன் விவரத்தாள். ஆனால் எழுதச் சொன்னால்தான் எழுதும். அதுவும் சுமார் 1 லட்சம் முறைதான். எனவே பொத்தானைவிட்டு விரல் எடுத்து 2 விநாடி கழிந்த பின்னரே எழுதுமாறு செய்தோம்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இதுவும் தேயுமாடே?"

"தேயும் அண்ணாச்சி."

"அப்பச் சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.