நாலு பேரும் ஒரே நாளில்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஆறு வயது மகளைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆய் போற எடத்துல கடிக்குதும்மா" என்று அவள் சொல்லத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று நினைத்தேன். ஜட்டி இறுக்கமோ என்று புதிது வாங்கினேன். பவுடர் போட்டுவிட்டேன். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு நின்றபோது அவள் கை பின்னால் போனதைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தேன். "என்ன பழக்கம் இது?" அவள் அழவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ராத்திரியில் மட்டும் புரண்டு புரண்டு படுப்பாள்.

டார்ச் வெளிச்சத்தில் அது தெரிந்தது. வெள்ளையாக, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஜட்டியிலிருந்து பிரிந்த நூல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது நெளிந்தது.

கீரிப்பூச்சி. எனக்குத் தெரியாத பூச்சி இல்லை. சின்ன வயதில் எனக்கும் வந்திருக்கிறது. அம்மாச்சி வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி, மூக்கைப் பிடித்து விழுங்கவைப்பாள். "வெளில சொல்லிக்கிட்டுத் திரியாத" என்பாள். வேப்பங்கொழுந்தின் கசப்பு மறந்துபோனது. வெளியில் சொல்லக்கூடாது என்பது மட்டும் முப்பது வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது. கணவரை எழுப்பி நான் முதலில் சொன்னது, "அத்தைக்குத் தெரிய வேணாம்" என்பதுதான்.

மறுநாள் அவர் மெடிக்கலில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குக் கொடுத்தோம். அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "மிட்டாய் தின்னு தின்னுதான் பூச்சி வச்சிருக்கு. அப்பவே சொன்னேன்" என்றார். எனக்குக் கேட்டது அது இல்லை, "நீ வாங்கிக் குடுத்துக் கெடுத்த" என்பது. நான் பதிலுக்கு மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அப்புறம், இதை எழுதவே கூசுகிறது, அத்தையின் கை.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அத்தையின் கையால்தான். மிச்சக் குழம்பையும் சோற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து, உருண்டை உருட்டி மகளின் உள்ளங்கையில் வைப்பார். நடுவில் எனக்கும் ஒரு உருண்டை நீளும். அந்த வாரம் நான் ஒரு சின்ன ஸ்பூன் வாங்கி வந்தேன். "பெரிய பிள்ளையாயிட்டா அத்தை, தானே சாப்பிட்டுப் பழகட்டும்." அத்தை ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் டார்ச். மறுபடியும் நூல்.

*

குழந்தைகள் டாக்டரிடம் போனபோது அவர் மகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "வீட்ல எத்தனை பேரும்மா?" என்றார்.

"நாலு பேர் டாக்டர்."

"மருந்து எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"இவ மட்டும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவைத்துவிட்டு விளக்கினார். பெண் புழு ராத்திரியில், பிள்ளை தூங்கும்போது, ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அதனால்தான் மலப் பரிசோதனையில் பல நேரம் சிக்குவதில்லை. சந்தேகமிருந்தால், காலையில் கழுவுவதற்கு முன் செல்லோ டேப்பை அங்கே ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முட்டைகள் பிசுபிசுவென்று தோலில் ஒட்டியிருக்கும், அரிக்கும். சொறிந்தால் நகக்கண்ணில் ஏறும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றத் தயாராகிவிடும். விரல் வாய்க்குப் போனால் அதே பிள்ளைக்கு மறுபடி தொற்று. கதவுக் கைப்பிடிக்கும் துண்டுக்கும் போனால் மற்றவர்களுக்கு. படுக்கையிலும் பொம்மையிலும் இரண்டு மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும்.

"ஸ்கூல்லயே பூச்சி மாத்திரை குடுத்தாங்களே டாக்டர்?"

குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத்தான் சொன்னேன். 2015-இல் தொடங்கிய திட்டம் அது, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் முக்கிய இலக்கு மண் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. அவற்றின் முட்டைகள் மண்ணில் கிடந்து பக்குவப்பட வேண்டும். கழிப்பறையும் காலில் செருப்பும் இருந்தால் பெருமளவு தடுத்துவிடலாம். கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை, நாய் பூனையும் தேவையில்லை. மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு நேராகப் போகும். பள்ளி மாத்திரை அதையும் கொல்லும். ஆனால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

"நாலு பேரும் ஒரே நாள்ல சாப்பிடணும். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையை ஒண்ணும் செய்யாது. அதனால ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சுத்தமா இருக்கிற வீட்லயும் வரும்."

அந்தக் கடைசி வரிக்காக அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது, அமெரிக்காவின் யூட்டா பகுதிக் குகைகளில் கிடைத்த, ஏறக்குறைய 10,000 வருஷம் பழைய, காய்ந்துபோன மனித மலத்தில் இதன் முட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தேன். மிட்டாய்க் கடை இல்லாத காலம். அங்கேயும் ஒரு அம்மா பிள்ளையின் கையில் அடித்திருப்பாளோ என்று தோன்றியது.

*

கணவர் மாத்திரையை மென்றுவிட்டு, "எனக்கும் பூச்சியா!" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "எனக்கெதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல. சரி, வச்சுட்டுப் போ, அப்புறமா போட்டுக்கிறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்தும் அதையே சொன்னார். நானும் வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த மாதம் மகளுக்கு மட்டுமில்லை, எனக்கும் அரித்தது. ராத்திரியில் பாத்ரூமில் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கல்யாண வீட்டுப் பந்தி ஞாபகம் வந்தது. முப்பத்தாறு வயதில், கை தன்னால் பின்னால் போவதைத் தடுக்க எனக்கே முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக்காகச் சாமி ஷெல்ஃபைத் துடைத்தபோது, முருகன் படத்துக்குப் பின்னால் இரண்டு மாத்திரைகள் இருந்தன. உறைகூடப் பிரிக்கவில்லை.

கோபத்தோடுதான் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை மொட்டைமாடியில் வத்தல் கிளறிக்கொண்டிருந்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமல், "அத்தை, எனக்கும் இருக்கு. நாலு நாளா ராத்திரில தூக்கமே இல்ல" என்றேன். ஏன் அப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் வத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டு மாசமா இருக்கும்மா" என்றார். "மாத்திரையைப் போட்டா எனக்கும் இருக்குன்னு ஆயிரும்ல. புள்ளைக்கு நான் சோறு உருட்டிக் குடுக்கறத நிறுத்திருவ. அதான் ஏற்கெனவே ஸ்பூன் வாங்கிட்டியே."

மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. "தப்புதான் அத்தை" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு" என்றார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாலு பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாத்திரையை மென்றோம். மகள்தான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னாள். பிறகு நகவெட்டியைக் கொண்டுவந்து அத்தை மகளுக்கு வெட்டினார், நான் அத்தைக்கு வெட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் விரல்களை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலேயே எல்லோரும் குளித்தோம். விரிப்பு, தலையணை உறை, துண்டு, உள்ளாடை எல்லாம் வெந்நீரில் போய் மாடியில் காய்ந்தன. பொம்மைகளைக் கழுவினோம். தினமும் காலையில் போர்வையைப் படபடவென்று உதறி மடிப்பது அத்தையின் வழக்கம். உதறினால் முட்டை தூசியோடு பறக்கும் என்பதால் அதை மட்டும் விடச் சொன்னேன். விட்டார், முணுமுணுத்துக்கொண்டே. சாப்பாட்டுக்கு முன்னாலும் கழிப்பறைக்குப் பின்னாலும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது எல்லோருக்கும் சட்டமானது. சோறு பிசைவதற்கு முன் அத்தை கையை நீட்டிக் காட்டுவார். மகள் நகத்தைச் சோதித்து "ஓகே ஆச்சி" என்பாள். அப்புறம் உருண்டை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஞாயிறு, இன்னொரு மாத்திரை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் எழுதினேன்: என் மகளுக்குக் கீரிப்பூச்சி இருந்தது, வீட்டில் எல்லோரும் மருந்து எடுத்தோம், பிள்ளைகள் ராத்திரியில் அரிக்கிறது என்றால் பாருங்கள். குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு கட்டைவிரல்கூட இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மூன்று அம்மாக்கள் தனித்தனியாக எழுதினார்கள். மூவரும் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னது ஒன்றுதான்: எங்க வீட்லயும். யார்கிட்டயும் சொல்லிராதீங்க.

மகளைக் கூப்பிட்டு அந்தக் கல்யாண வீட்டு அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்த அடி?" என்றாள். மறந்துவிட்டாளா, மறந்ததாகச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அத்தை. எதிர்வரிசையில் சொந்தக்காரர்கள். இலையில் லட்டு விழுந்ததும் யாரோ ஒரு பெரியம்மா, "இனிப்பு ரொம்பத் தின்னா வயித்துல பூச்சி வரும்டி" என்றார்.

"இனிப்புனால இல்ல. நகத்துனால" என்றாள் மகள், மண்டபத்துக்கே கேட்கும்படி. "எங்க வீட்ல எல்லாருக்கும் பூச்சி வந்துச்சு. எல்லாரும் மாத்திரை சாப்ட்டோம்."

எனக்குக் காது சூடானது. கை அவள் வாயைப் பொத்தப் பாதி தூரம் போய்விட்டது.

அத்தை லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ஆமா, நானும்தான் சாப்ட்டேன்" என்றார். "ரெண்டு தடவை."