நடுவீட்டின் வருமானம்

லாபிசில் ஒரு தெருவில் நூற்றொரு வீடுகள் உள்ளனவென்று கொள்வோம். வருமானம் மிகக் குறைந்த வீட்டை ஒரு முனையிலும் மிகுந்த வீட்டை மறுமுனையிலும் வைத்து வரிசையாக எண்ணினால், ஐம்பத்தோராவது வீட்டின் வருமானமே இடைநிலை வருமானம். கூட்டி வகுத்துப் பெறும் சராசரி வேறு, இது வேறு. கடைசி வீட்டு முதலாளியின் செல்வம் பத்து மடங்கு பெருகினால் சராசரி துள்ளி எழும், நடுவீடோ அசையாது. இதைக் கரும்பலகையில் விளக்குவது எளிது. ஆனால், சிகாமட் மாவட்டத்தின் இச்சிற்றூருக்கு அரை நூற்றாண்டுக் கணக்கைச் சொல்லப் புகுவது எளிதன்று.

இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய நாள்களில், மாணவர் உதவிக்கான படிவங்களை நிரப்பித் தருவது என் வேலைகளுள் ஒன்று. 'குடும்ப மாத வருமானம்' என்றொரு கட்டம் அதில் இருக்கும். "எந்த மாசத்துச் சம்பளத்த எழுதறது, சார்?" என்று பெற்றோர் கேட்பர். நல்ல கேள்வி அது. ஆண்டிறுதி அடைமழையில் பால்வெட்டு நின்றுவிடும். மழை ஓய்ந்த சில வாரங்களில் பால்மரம் இலை உதிர்க்கும், பாலும் குறையும். செம்பனைக்கும் காய்ப்பு மிகுந்த மாதம் உண்டு, மெலிந்த மாதம் உண்டு. ஒரு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு ஒரு குடும்பத்தை அளக்க முற்படுவது, ஒரு வேளைச் சோற்றைப் பார்த்து ஓராண்டுப் பசியைக் கணிப்பதை ஒக்கும். அதனாலன்றோ புள்ளிவிவரத் துறையினர் பன்னிரண்டு மாதக் கணக்கைக் கேட்கின்றனர்! சம்பளம் மட்டுமின்றி, வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணமும், சொந்த வீட்டில் குடியிருப்பதன் மதிப்புங்கூட அவர்கள் கணக்கில் சேரும்.

பழைய எண்களுள் ஒன்றை ஆசிரியர்கள் மனத்திற்கொள்வது நலம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஓர் இல்லத்தின் சராசரி மாத வருமானம் 264 வெள்ளி. இடைநிலையோ 166 வெள்ளிதான். இந்தியர் இல்லங்களை மட்டும் எடுத்தால் சராசரி 304, இடைநிலை 194. நகரத்து மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் சராசரியைத் தூக்கிவிட்டனர். லயத்து வீட்டுக்காரர் அந்த 194 வெள்ளிக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருந்தார். சராசரியை மட்டும் பார்த்தோர்க்கு இந்தியர் நாட்டின் பொதுநிலைக்கு மேலிருப்பதாகவே தோன்றியிருக்கும். நம் மேடைகளிலும் அந்த முன்னூற்று நான்கைச் சொல்லி ஆறுதல் அடைந்தோர் உண்டு. எனக்கு அவ்வாறுதல் எந்நாளும் இருந்ததில்லை.

நாட்டளவிலான இல்ல வருமான ஆய்வு 1974இல் தொடங்கிற்று. அதன்படி 2019இல் நாட்டின் இடைநிலை 5,873 ரிங்கிட். பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் அது 5,209ஆக வீழ்ந்து, 2022இல் 6,338ஆக நிமிர்ந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காமல் இவற்றை 166 வெள்ளியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளத்தில் கணவனும் மனைவியும் உழைத்தால் 3,400. மூன்றாண்டு முந்தைய நாட்டு இடைநிலையின் பாதியைச் சற்றே தாண்டும் தொகை அது.

லாபிசின் எண் எங்கே என்று மாணவர் கேட்கலாம். ஆய்வு நாட்டின் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. மாதிரி வீடுகளையே தட்டுகிறது. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் அது போதும். மாவட்டத்துக்கு இறங்கும்போது பிடி தளரும். சிற்றூர் அளவில் கைக்கு அகப்படும் வீடுகள் மிகச் சிலவாகிவிடும். இரண்டு மூன்று வீடுகள் மாறினாலே நடுவீடு இடம் பெயர்ந்துவிடும். அதனால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வீடுகளையும் பற்றிக் கிடைக்கும் செய்திகளான கல்வி, தொழில், வீட்டுப் பொருள் முதலியவற்றை ஆய்வு வீடுகளின் வருமானத்தோடு பொருத்தி மதிப்பிடும் முறை உண்டு. முறை நன்றே. எனினும், எல்லை மாறினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஊரைக் குறிப்பதாகக் கொள்ள முடியாது. லாபிஸ் நகரம் ஒன்று. சாஆவையும் பெக்கோக்கையும் உள்ளடக்கிய லாபிஸ் நாடாளுமன்றத் தொகுதி வேறொன்று.

எல்லை மாறாவிடினும் மக்கள் மாறுகின்றனர். நம் நூற்றொரு வீடுகளுள் மிக ஏழ்மையான இருபது வீட்டார் வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய எண்பத்தொன்றில் நடுவீடு, பழைய வரிசையின் அறுபத்தோராவது வீடு. எவர் சம்பளமும் ஒரு காசு கூடவில்லை. ஊரின் இடைநிலை மட்டும் உயர்ந்துவிட்டது! இதற்கு எதிரானதும் நடக்கும். சம்பாதிக்கும் மகன் மட்டும் சிங்கப்பூருக்குப் போய்விட, பெற்றோர் தனித்திருக்கும் வீட்டின் வருமானம் அவன் அனுப்பும் தொகையளவுக்குச் சுருங்கிவிடும்.

வரிசையில் நிற்கவே இடம்பெறாதோரும் உளர். 1989 தொட்டு இவ்வருமானக் கணக்கு குடிமக்களின் இல்லங்களை மட்டுமே கொள்கிறது. இங்கேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இன்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு தனித்து வாழ்ந்த பாட்டியின் வீடு அதில் சேராது. பாட்டியின் தலைமுறை பால் வாளி சுமந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செம்பனைக் குலை வெட்டுகின்றனர். மாலையில் அதே லயங்களில் அடுப்பு எரிகிறது. அவ்வீடுகளும் கணக்கில் இல்லை.