ஆண்டுக்கு இரண்டு மாதம்

இரண்டாம் உலகப் போர்க்காலம், ஜமைக்கா

பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவு அதிகாரி இயன் ஃபிளெமிங் ஒரு மாநாட்டுக்காகத் தீவுக்கு வந்திருக்கிறார். வந்த நாள் முதல் மழை கொட்டுகிறது. சுற்றிப் பார்க்க வழியில்லை. ஆனாலும் ஊர் திரும்பும்போது நண்பர் ஐவர் பிரைஸிடம் சொல்லிவிடுகிறார்: போர் முடிந்ததும் இங்கேதான் வாசம், ஓர் இடம் பார்த்து வை.

1946, ஒரகபெஸ்ஸா

பிரைஸ் பார்த்துக் கொடுத்த இடம் வடகரையில் இருக்கிறது. சுமார் 14 ஏக்கர். ஒரு காலத்தில் கழுதைப் பந்தயம் நடந்த மேட்டு நிலம், கீழே சின்னதாக ஒரு மணல் கரை, அதைத் தாண்டிப் பவளப்பாறை. விலை 2,000 பவுண்ட்.

வீட்டுக்கு வரைபடம் போட்டதும் ஃபிளெமிங்தான். பெரிய கூடம், அகலமான ஜன்னல்கள். ஒன்றில்கூடக் கண்ணாடி இல்லை, மரச்சட்டக் கதவுகள் மட்டுமே. கடல் காற்று தாராளமாக வரும். சாரலும் பூச்சியும் கூடவே வரும். வீட்டுக்கு அவர் சூட்டிய பெயர் கோல்டன்ஐ.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அந்நியச் செலாவணிக் கெடுபிடி கடுமை. ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர் இவ்வளவுதான் எடுத்துச் செல்லலாம் என்று அரசு கணக்கு வைத்திருந்தது. ஜமைக்காவோ பிரிட்டிஷ் காலனி. அங்கே பவுண்ட் செல்லுபடியானதால் அந்தத் தடை இல்லை. காசுள்ள ஆங்கிலேயர் பலர் கரீபியன் பக்கம் திரும்பியதற்கு வெயில் மட்டும் காரணமல்ல.

1948

லண்டனில் கெம்ஸ்லி செய்தித்தாள் குழுமத்தில் ஃபிளெமிங்குக்கு வேலை. ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பு வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும்போதே நிபந்தனையாகப் பேசி வைத்திருந்தார். மீதிப் பத்து மாதம் வீட்டை என்ன செய்வது? வாடகைக்கு விடலாமே! நாடகாசிரியர் நோயல் கவர்ட் வந்து தங்குகிறார், வாரம் 50 பவுண்ட். கட்டில் வசதியில்லை, நாற்காலி வசதியில்லை என்று ஏகப்பட்ட புகார். வீட்டைப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். வீட்டின் பெயரில் 'ஐ' (கண்) இருப்பதால், அதைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவு என்கிற தோரணையில் திரித்துக் கேலி செய்கிறார். அத்தனை குறை சொன்னவர் அதே வட்டாரத்தில் இடம் வாங்கிச் சொந்தமாக வீடும் கட்டிக்கொள்கிறார். 1973-இல் அவர் இறந்ததும் அங்கேதான்.

1952, மார்ச்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ஃபிளெமிங் இரண்டையும் ஒரே வட்டாரத்தில் செய்தார். மார்ச் 24 அன்று பக்கத்து ஊரான போர்ட் மரியாவில் ஆன் சார்ட்டெரிஸுடன் கல்யாணம், கவர்ட் சாட்சி. அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு நாவல் முடிந்திருந்தது: 'கசினோ ராயல்'.

காலையில் எழுந்ததும் கடலில் நீச்சல். சாப்பாட்டை வீட்டுப் பொறுப்பாளர் வயலட் கம்மிங்ஸ் பார்த்துக்கொள்கிறார். பிறகு ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுத் தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருப்பதில்லை. கடலுக்காகவே கட்டிய வீட்டில் கடல் கண்ணில் படாதபடி இருட்டடித்தால்தான் வேலை ஓடுகிறது! ஒரு நாளைக்குச் சுமார் 2,000 சொற்கள். நாயகனின் பெயர்கூட வீட்டு அலமாரியிலிருந்து எடுத்ததுதான்: மேற்கிந்தியப் பறவைகளைப் பற்றிய புத்தகத்தை எழுதியவர் ஜேம்ஸ் பாண்ட்.

1956, நவம்பர்

சூயஸ் கால்வாய் விவகாரத்தில் மூக்கறுபட்டு உடல்நலமும் கெட்ட பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன் ஓய்வுக்கு கோல்டன்ஐ வருகிறார். மூன்று வாரம் தங்குகிறார். நாடு நெருக்கடியில் கிடக்கும்போது பிரதமருக்குக் கரீபியன் விடுமுறையா என்று லண்டனில் முணுமுணுப்பு. அடுத்த ஜனவரியில் பதவி போய்விடுகிறது. வீட்டுக்கோ உலகம் முழுக்க இலவச விளம்பரம்.

ஜமைக்காவின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் இதே ஆண்டுதான். அலை வந்து போகும் கரையும் கடலடி நிலமும் அரசுடைமை. ஆனால் பொதுமக்கள் அங்கே போய்க் குளிப்பதை உரிமையாக அந்தச் சட்டம் தரவில்லை.

1962

ஜனவரியில் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வின் படப்பிடிப்பு தீவில் தொடங்குகிறது. படப்பிடிப்புக்கு இடம் தேடித் தர உதவியவர்களில் ஒருவர் கிறிஸ் பிளாக்வெல். அவருடைய அம்மா பிளான்ச், ஃபிளெமிங்கின் நெருங்கிய தோழி. ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா சுதந்திரம் பெறுகிறது.

1964, ஆகஸ்ட்

12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஃபிளெமிங் மாரடைப்பால் காலமானார். வயது 56. பாண்ட் நாவல்கள் எல்லாம் ஜமைக்காவில்தான் எழுதப்பட்டன. அங்கே இடம் வாங்கி 18 ஆண்டுகள். ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று வைத்தாலும் அவர் அங்கே வாழ்ந்தது மொத்தம் மூன்று ஆண்டுகள்தான். சொந்தக்காரர் இல்லாத மாதங்களில் வீட்டைக் கட்டிக் காத்த வயலட் அங்கே கழித்த காலம் அதைவிட மிக அதிகம்.

1976

ரெகே பாடகர் பாப் மார்லி வீட்டை வாங்குகிறார். வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட கிறிஸ் பிளாக்வெல் கைக்கு அது போகிறது. 1982-இல் அங்கே தங்கிய பாடகர் ஸ்டிங், ஃபிளெமிங்கின் மேசையிலேயே உட்கார்ந்து உலகப் புகழ் பெற்ற ஒரு பாட்டை எழுதினார்.

2011-க்குப் பிறகு

பக்கத்திலிருக்கும் பாஸ்கோபெல் விமான தளத்துக்கு 2011 முதல் இயன் ஃபிளெமிங் பெயர். கோல்டன்ஐ இப்போது சொகுசு விடுதி. சுற்றிலும் குடில்கள் எழுந்துவிட்டன. ஃபிளெமிங்கின் வீடும் வாடகைக்குக் கிடைக்கும், கட்டணம் டாலரில். கரையோர விடுதிகள் பெருகப் பெருக, காலங்காலமாகக் கடலுக்குப் போய்வந்த பாதைகள் அடைபடுவதாக ஜமைக்கா மக்கள் குமுறுகிறார்கள். அதே வடகரையில் மாமி பே கடற்கரைக்காக வழக்கே தொடுத்திருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை.