காக்கா ஆழியும் என் பிரசங்கமும்



சென்ற ஞாயிறு நான் சொன்ன ஓர் உவமையை உங்கள் முன் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணூரிலிருந்து மாற்றலாகி ஓசூர் சிப்காட்டுக்கு வந்த நம் சபை மூப்பர் ஒருவர், காக்கா ஆழியைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் நீரின் அடித்தரையைக் கம்பளம்போல் மூடிவரும் சிப்பி அது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிலைகொள்ள நிரப்பும் நீரிலோ வந்திருக்கலாம் என்கிறார்கள். அது மூடிய இடத்தில் இறால் புதைய மண் இல்லை. மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் அருகிவிட்டன. கையால் தடவி இறால் பிடிப்போருக்குப் பிழைப்புப் போயிற்று.

இவற்றை இனம் பிரித்தறிவது எளிதன்று. படகின் அடியில் கூம்பு கூம்பாக ஒட்டுவது கொட்டலசு; தலையை இறுகப் பதித்துக்கொண்டு கால்களால் இரையை வாரும் அது, நண்டுக்கு உறவு. 1830 வரை அறிஞர்களும் அதைச் சிப்பி இனமென்றே எண்ணியிருந்தனர்! காக்கா ஆழியோ நூல்விட்டுப் பற்றிக்கொள்ளும் இரட்டை ஓட்டுச் சிப்பி. ஆய்வாளர்கள் அதனை மைடெல்லா ஸ்டிரிகேட்டா என்பர்; 2019இல் கேரளக் காயல்களிலும் பதிவு செய்தனர். மீனவர்கள் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட பெயரிடும் வேலை இன்னும் முடியவில்லை போலும்.

இதை வைத்துத்தான், வெளியிலிருந்து வருவது உள்ளதை அழித்துவிடும் என்று முழங்கினேன். ஆராதனை முடிந்ததும், பட்டறையில் வேலை செய்யும் ஜார்க்கண்டு சகோதரர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, நாங்களும் வெளியிலிருந்து வந்தவங்கதானே?" என்றார். குரலில் கோபமில்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் நமது. நானே தெற்கிலிருந்து பஸ் ஏறி வந்தவன். ராயக்கோட்டைச் சந்தையில் நாம் கூடை கூடையாக வாங்கும் தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஏரிகளை மூச்சடைக்கச் செய்யும் ஆகாயத்தாமரைக்கும் அதே பூர்வீகம். ஒன்று ரசத்துக்கு ஆகிறது, மற்றொன்று மதகை அடைக்கிறது. பிறந்த இடத்தைக் கொண்டு எதையும் தீர்ப்பிட முடியாது என்பது எண்ணூர் மீனவருக்குத் தெரியும். இறால் புதைய மண் இல்லை என்பதே அவர்களுடைய முறையீடு. அந்தச் சிப்பியும் தானாக நீந்தி வரவில்லை. நம் கப்பல்கள் சுமந்து வந்தன. நான் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கிப் பேசிவிட்டேன்.

புதன்கிழமை மாலை அவர் அறைக்குச் சென்றேன். ஆறு பேர் தங்கும் அறை. மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், உட்காரப் பாய் விரித்து, ரொட்டியும் சுட்ட தக்காளிச் சட்னியும் வைத்தார். வரும் ஞாயிறு இரண்டாம் வேதபாடத்தை அவர் இந்தியில் வாசிப்பார். எண்ணூர் மூப்பர் அதையே தமிழில் வாசிப்பார்.