இறங்கி நடத்தலும் பயணமே

அயல்நாட்டில் முதுகுப்பையுடன் நடக்கத் துணிவோர், பையில் எவற்றை எடுத்துச் செல்வது என்று பலமுறை கணக்கிடுவர். உடன் வருவோரிடம் எதை மறைக்காமல் சொல்வது என்று கணக்கிடுவோர் சிலரே. நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரம் நோக்கி நாங்கள் மூவர் மேற்கொண்ட பயணம் இந்த இரண்டாம் கணக்கை எங்களுக்குக் கற்பித்தது.

லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கால்நடையாகவே செல்ல வேண்டும். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. உடல் இதற்குப் பழக நாள்கள் வேண்டும். ஆகவே 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பர் மருத்துவர். 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் நாங்கள் இரண்டு இரவுகள் தங்கியது இதற்காகவே. தண்ணீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் மாத்திரை இட்டோ அருந்தினோம். சுமையேற்றிய யாக் எருமைகள் எதிர்ப்பட்டபோதெல்லாம் பள்ளத்தின் பக்கம் நில்லாமல் மலையின் பக்கம் ஒதுங்கினோம்.

இத்தனை கவனத்திற்குப் பிறகும், 4,410 மீட்டரிலுள்ள டிங்போச்சேயை நண்பகலில் அடைந்தபோது எங்களுள் இளையவரின் முகம் வாடியிருந்தது.

“தலை வலிக்கிறதா, தம்பி?” என்று கேட்டோம்.

“இல்லை அண்ணே, களைப்புதான்” என்றார்.

விடுதி நடத்திய ஷெர்ப்பா அம்மையார்தாம் அவர் தொடாத உணவுத் தட்டைச் சுட்டிக்காட்டினார். மீண்டும் கேட்டோம். முதல்நாள் இரவு தொடங்கிய தலைவலியையும், வழியில் ஒதுங்கி வாந்தி எடுத்ததையும் அப்போதுதான் சொன்னார். தம்மால் மற்ற இருவரின் பயணமும் கெட்டுவிடக் கூடாதே என்னும் பரிவே அவர் வாயைக் கட்டியிருந்தது.

அந்தப் பரிவு உயிரையே பறிக்கக்கூடியது. தலைவலியும் குமட்டலும் இருக்கையில் மேலும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். நடை தள்ளாடினாலோ, அமர்ந்திருக்கையிலேயே மூச்சுத் திணறினாலோ, விடியும்வரை காத்திராமல் நோயாளியைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். அவரைத் தனியே விடவும் கூடாது. எங்கள் தம்பிக்கு அந்நிலை வரவில்லை. எனினும் வெளிச்சம் இருக்கும்போதே, அவருடைய சுமையைப் பகிர்ந்துகொண்டு, மூவரும் பாங்போச்சேக்கு இறங்கினோம். மறுநாள் காலை அவர் தாமாகவே கஞ்சி கேட்டு உண்டார். எவரெஸ்ட் அடிவாரம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நோயை மறைப்போர் பலர், பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அஞ்சியே மறைக்கின்றனர். ‘ஒருவர் இறங்கினால் அனைவரும் இறங்குவோம், அதில் எவருக்கும் மனக்குறை இல்லை’ என்று முன்னரே பேசி வைப்பது, மருந்துப் பெட்டியைக் கட்டுவதற்கு இணையான ஆயத்தம். இப்போதெல்லாம் எந்தப் பயணத்திற்கும் அந்தப் பேச்சை முடித்த பின்னரே நாங்கள் பையைக் கட்டுகிறோம்.