‘கு’வும் ‘டு’வும்

பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறு வாங்கிவிட்டு, இங்கிலீஷில் முப்பதோடு நின்றுபோன பிள்ளைகளை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது சொந்த அண்ணன் தம்பியாகவே இருக்கும். பாஸ் மார்க் 35. அந்த ஐந்து மார்க்குக்காகப் படிப்பை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கும் மெட்ராஸ் பலசரக்குக் கடைக்கும் பஸ் ஏறியவர்கள் பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் எத்தனை பேர்!

முப்பத்தொரு வருடம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்கள் சறுக்குவது பெரிய வார்த்தைகளில் இல்லை. ‘டு’ என்கிற இரண்டெழுத்துச் சொல்லில்தான். டு கோ, டு சிட், டு ரைட் என்று வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்குமே, அந்த ‘டு’. இலக்கணத்தில் இதற்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர். அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லும், ஆன், இன், வித், ஃபார் மாதிரி ஒரு சொல்லும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் திக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்க ஓர் இடம். ‘தங்க ஓர் இடம்’ என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் ‘எ பிளேஸ் டு ஸ்டே’ என்பான் பையன். அது சரிதான், பிளேஸ் என்ற சொல்லுக்கு அந்தச் சலுகை உண்டு. ‘தங்க ஒரு வீடு’ என்று கேட்டால் ‘எ ஹவுஸ் டு ஸ்டே’ என்று நிறுத்திவிடுவான். ‘எ ஹவுஸ் டு ஸ்டே இன்’ என்று வர வேண்டும். கடைசியில் அந்த ‘இன்’ எதற்குத் தொங்குகிறது என்று கேட்டால், ‘அப்படித்தான் சார் புஸ்தகத்துல இருக்கு’ என்பதுதான் வழக்கமான பதில்.

காரணம் புஸ்தகத்தில் இல்லை, நம் தமிழிலேயே இருக்கிறது. மூன்று தொடர்களைப் பாருங்கள்: எழுத ஒரு பேனா, எழுத ஒரு தாள், எழுத ஒரு கடிதம். மூன்றிலும் ‘எழுத’ ஒன்றுதான். ஆனால் அர்த்தம் ஒன்றா? பேனாவால் எழுதுகிறோம், தாளில் எழுதுகிறோம், கடிதத்தை எழுதுகிறோம். ஆல், இல், ஐ என்று மூன்றாம், ஏழாம், இரண்டாம் வேற்றுமை உருபுகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன. தமிழ் அவற்றை மறைத்து வைக்கும், கேட்பவனே புரிந்துகொள்வான். இங்கிலீஷ் மறைக்காது, வெளியே எடுத்துக் கடைசியில் தொங்க விடும். எ பென் டு ரைட் வித். பேப்பர் டு ரைட் ஆன். எ லெட்டர் டு ரைட். கடைசியில் மட்டும் எதுவும் தொங்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒளிந்திருப்பது ‘ஐ’.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒளிந்திருக்கும் உருபைக் கண்டுபிடி. ‘ஐ’ என்றால் சும்மா விடு. வேறு உருபு என்றால் அதற்குரிய சொல்லைக் கடைசியில் போடு. குடிக்கத் தண்ணீர், தண்ணீரைக் குடிக்கிறோம், வாட்டர் டு ட்ரிங்க். உட்கார நாற்காலி, நாற்காலியில் உட்காருகிறோம், எ சேர் டு சிட் ஆன். சில இடத்தில் இது கை கொடுக்காது. ‘கேட்க ஒரு பாட்டு’ என்பதில் நமக்கு ‘பாட்டை’தான். ஆனால் லிசன் என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு ‘டு’ வேண்டும் என்பதால் ‘எ சாங் டு லிசன் டு’ என்று வரும். அந்த மாதிரிச் சொற்கள் கொஞ்சம்தான், தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

இப்படி மறைத்துச் சொல்வது நமக்குப் புதிதில்லை. குடிநீர், எழுதுகோல், உறைவிடம் எல்லாம் வினைத்தொகை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். குடிக்கிற நீர், எழுதுகிற கோல், உறைகிற இடம். நீரைக் குடிக்கிறோம், கோலால் எழுதுகிறோம், இடத்தில் உறைகிறோம். காலமும் மறைந்திருக்கிறது, உறவும் மறைந்திருக்கிறது. இதைச் சுலபமாகப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ‘டு சிட் ஆன்’ எப்படிப் புரியாமல் போகும்?

அடுத்த குழப்பம் இரண்டு ‘டு’. ‘ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்குப் போனேன்.’ ஐ வென்ட் டு சங்கரன்கோவில் டு சீ ஆடித்தபசு. முதல் ‘டு’ ஊர்ப் பெயருக்கு முன்னால் வருவது, நம் நான்காம் வேற்றுமை ‘கு’. இரண்டாவது ‘டு’ வினைக்கு முன்னால் வருவது, நம் ‘பார்க்க’. அதையே ‘பார்ப்பதற்கு’ என்றும் சொல்லலாம். பேச்சில் ‘பாக்கதுக்கு’ என்போம். அங்கேயும் ‘கு’ வந்துவிட்டது! இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே ‘டு’, நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘கு’.

இது தற்செயலாக வந்த ஒற்றுமை என்றாலும் காரணம் ஒன்றுதான். தொல்காப்பியம் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்கிறது. அதில் ‘செய’ ஒன்று, ‘செயற்கு’ ஒன்று. செயல் என்ற பெயரோடு ‘கு’ சேர்ந்ததே செயற்கு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷிலும் ‘டு’ என்பது ‘அந்தப் பக்கமாக’ என்று பொருள் தருகிற வெறும் முன்னிடைச் சொல்தான். அதற்குப் பின்னால் வந்த வினை, பெயரைப் போல வேற்றுமை விகுதி ஏற்று நின்றது. காலப்போக்கில் விகுதி தேய்ந்துபோய் ‘டு’ மட்டும் மிச்சம். ஊருக்குப் போவதும் ஒரு திசை, ஒன்றைச் செய்ய நினைப்பதும் ஒரு திசை. இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே அப்படி யோசித்திருக்கிறார்கள்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு இதே பாடம் தலைகீழாக இருந்திருக்கும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856ல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் நம் ‘செய’ என்ற வடிவத்தையும் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். அவர் வினை கடைசியில் வரும் நம் வாக்கியத்தைப் பழகினார். நம் பிள்ளைகள் அதைத் திருப்பிப் போட்டுப் பழக வேண்டும்.

எப்படித் திருப்புவது? பழைய லீவ் லெட்டரை நினைத்துப் பாருங்கள். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ். அர்த்தம் தெரியாமலே நாம் எல்லோரும் நூறு தடவை எழுதியது. இதைப் பின்னாலிருந்து படியுங்கள்: இரண்டு நாட்களுக்கு, விடுப்பு, எனக்கு, அளிக்க, உங்களை, வேண்டுகிறேன். அப்படியே தமிழ். கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதான். இதைக் காட்டிய அன்று, அதுவரை வாயைத் திறக்காத ஒரு பெண் பிள்ளை, ‘அப்போ இங்கிலீஷ் நம்ம தமிழ திருப்பிப் போட்டதுதானா சார்?’ என்று கேட்டாள். முழுக்க அப்படி இல்லை. ஆனால் பயம் போவதற்கு அந்தக் கேள்வி போதும்.

தமிழ் நம்மை ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. ‘என்னை அழ வைத்தான்’ என்பதில் ‘அழ’ இருக்கிறதே என்று ‘ஹீ மேட் மீ டு க்ரை’ என்று எழுதுவார்கள். மேக், லெட், சீ, ஹியர் ஆகியவற்றுக்குப் பின்னால் அந்த ‘டு’ வராது, ஹீ மேட் மீ க்ரை. ஆனால் ‘என்னைக் காக்க வைத்தார்கள்’ என்பதைச் செயப்பாட்டு வினையில் சொன்னால் போன ‘டு’ திரும்பி வந்துவிடும், ஐ வாஸ் மேட் டு வெயிட். இன்னொன்று ‘லுக் ஃபார்வர்டு டு’. அங்கே ‘டு’வுக்குப் பின்னால் சீ வராது, சீயிங்தான். சோதனை சுலபம்: அந்த ‘டு’வுக்குப் பின்னால் ‘யுவர் லெட்டர்’ என்று ஒரு பெயரை வைத்துப் பார். வாக்கியம் நின்றால் அது வேற்றுமை ‘டு’, வினைக்கு ‘இங்’ சேர். வாண்ட் டு என்பதற்குப் பின்னால் ‘யுவர் லெட்டர்’ நிற்காது, ஆகவே அது வினையோடு சேர்ந்த ‘டு’.

இதையெல்லாம் சொல்வது இலக்கணப் பெருமைக்காக இல்லை. ‘நமக்கு இங்கிலீஷ் வராதுலே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை, பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுகிறது. தமிழில் யோசிப்பதால்தான் இங்கிலீஷ் வரவில்லை என்றும் சொல்லி வைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், தமிழில் வேற்றுமை உருபு தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷின் இன், ஆன், வித், டு சீக்கிரம் பிடிபடுகிறது. இரண்டும் தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைதான் கேள்வியை மாற்றிக் கேட்டதும் விழுகிறது.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தி விடுமுறைக்கு வரும்போது செய்து பாருங்கள். இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ‘பேச ஒரு ஆள்’ என்று சொல்லி, உள்ளே என்ன உருபு ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். ஆளோடு, ஆளிடம் என்று பிள்ளை கண்டுபிடிக்கும். ‘சம்ஒன் டு டாக் டு’ என்பதில் கடைசி ‘டு’ ஏன் வந்தது என்று அதுவே உங்களுக்குச் சொல்லித்தரும். நம் வயதில் வீட்டில் அப்படி ஓர் ஆள் கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை.