நடை தூரத்தில் ஒரு ஜாகை

லண்டன் மாநகரில் பாலே நாட்டியம் பார்க்க வேண்டுமென்ற ஆசையோடு வந்து இறங்குகிற, கையில் அதிகப் பணமில்லாத பிரயாணிக்கு, நுழைவுச் சீட்டு கிடைப்பதைக் காட்டிலும் தலை சாய்க்க ஓரிடம் கிடைப்பதே பெரும்பாடு என்று சென்ற இதழில் தொட்டுக் காட்டியிருந்தேன். இந்த இதழில் அதையே சற்று விஸ்தாரமாகச் சொல்ல உத்தேசம். கோவென்ட் கார்டனிலுள்ள ராயல் ஆப்பரா ஹவுஸில் சீமான்கள் அமரும் ஆசனங்களின் விலை நமக்கு எட்டாததுதான் என்றாலும், கீழ்வட்டத்தின் பின்னால் கம்பியில் சாய்ந்து நின்று பார்க்கும் இடங்களும், உச்சித் தளத்தின் இரு பக்கங்களிலும் மேடையின் ஒரு மூலையை இழந்து பார்க்கவேண்டிய பலகை இருக்கைகளும், சாதாரண உணவகமொன்றில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அரங்கைச் சுற்றியுள்ள விடுதிகளோ அப்படியல்ல. வாசலுக்கு நேர் எதிரே, பௌ தெருவில், 1895-இல் ஆஸ்கார் வைல்டைக் கொண்டுவந்து நிறுத்திய பழைய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் கட்டடமே இன்று ஆடம்பர விடுதியாகிவிட்டது. அங்கே ஓர் இரவு தங்கும் பணத்தைக் கொண்டு பல வாரங்கள் நின்றபடியே நாட்டியம் பார்த்துவிடலாம்.

ஜாகை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது உறவினர் வீடு. நகரின் கிழக்கே ஈஸ்ட் ஹாமில், முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் கடை வாசலிலேயே குவித்து விற்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்கு அருகே, என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வசிக்கிறான். நான் விடுதி தேடுகிறேன் என்று கேட்டதும், "வீடு இருக்கும்போது விடுதி எதற்கு, அண்ணா? பெரியம்மா காதில் விழுந்தால் என்னை என்ன நினைப்பார்கள்?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டான். அவன் மனைவி, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நம்ம பரதநாட்டியத்தில் இல்லாதது இதில் என்ன அத்தான் இருக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியே, அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர் என்பதையும், உன் தேசத்து நாட்டியத்தைத் தேடிப் போ என்று அவரைத் தூண்டியவர் பாவ்லோவா என்பதையும் அவளுக்குச் சொன்னேன். ஒன்றின் அருமை தெரிந்தவர்களுக்கு மற்றொன்று அந்நியமாவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர்களுடைய அன்பை ஏற்று அந்த வீட்டிலிருந்தே ஒரு மாலை அரங்குக்குப் போய்வந்தேன். டெம்பிள் நிலையத்தில் ஏறினால் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஈஸ்ட் ஹாம் 15-ஆவது நிறுத்தம். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும் பாதாள ரயில்கள் சில உண்டு. இந்தத் தடம் அவற்றில் சேராது. பத்து மணி சுமாருக்கு ஆட்டம் முடிந்தால் ரயிலைத் தவறவிடும் அபாயமில்லை என்பது புத்திக்குத் தெரிந்தாலும், மனம் கடைசிக் காட்சியிலேயே கைக்கடிகாரத்தை நாடத் தொடங்கிவிடுகிறது. திரை விழுந்து, மறுபடி விலகி, வியர்வை வழியும் முகத்தோடு நர்த்தகி முழங்கால் மடித்துச் சபையை வணங்கும் அந்தச் சில நிமிஷங்களில், தூரத்துப் பேட்டைகளுக்குத் திரும்பவேண்டியவர்கள் மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையைக் கடந்து வெளியேறுவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்கள் மீது குற்றமில்லை; இந்த நகரத்து வாடகை அவர்களை அவ்வளவு தூரத்தில் குடியமர்த்தியிருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து இதற்கென்றே வந்தவன், அந்த வணக்கத்தையும் கரகோஷத்தையும் இழந்துவிட்டு நாட்டியம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. ஆகையால், படுக்கைக்கும் அரங்குக்கும் இடையே கால்நடையாகப் போகும் தூரமே இருக்கவேண்டும் என்றும், அதற்காக அறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தேன்.

கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள தெருக்களில், பழைய ஐந்தடுக்கு வீடுகளை அறை அறையாகத் தடுத்து, காலை ஆகாரத்தோடு வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றில் ஒன்றில் எனக்குக் காட்டிய அறை தெருமட்டத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நடைபாதையில் போகிறவர்களின் செருப்புகள் தெரிந்தன. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அதற்கே நூறு பவுனுக்குக் குறையாமல் கேட்டார்கள். யூஸ்டன் சாலையிலும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவை அடுத்தும் உள்ள இளைஞர் விடுதிகளில் பலர் சேர்ந்து உறங்கும் கூடங்களில் ஒரு கட்டில் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். வயதில் சிறியவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். நள்ளிரவில் வந்து, பிறர் தூக்கம் கலையாமல் இருளில் பெட்டியைத் துழாவும் பொறுமை என் வயதுக்கு இல்லை. சர்வகலாசாலை மாணவர் விடுதிகள் விடுமுறைக் காலங்களில் வெளியாருக்கு அறை கொடுப்பதுண்டு, விலையும் சகாயம். ஆனால் அவை தாராளமாகத் திறந்திருக்கும் ஆகஸ்டு மாதத்திலோ ராயல் பாலே குழுவினர் தங்கள் பருவத்தை முடித்துக்கொண்டு ஓய்வில் இருப்பார்கள்.

கடைசியில் எனக்கு இடம் கிடைத்தது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில், இந்திய ஒய்.எம்.சி.ஏ. விடுதியில். இதைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். ஏனெனில் இதை 1920-இல் தோற்றுவித்தவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளராக அமர்ந்த முதல் இந்தியர் அவர். பின்னாளில் வட்டமேஜை மகாநாட்டிலும் கலந்துகொண்டவர். நிறத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய அந்தக் காலத்தில், பாரிஸ்டர் பட்டத்துக்கும் வைத்தியப் படிப்புக்கும் வந்த நம் இளைஞர்கள் பெட்டியும் கையுமாகத் தெருத் தெருவாக அலைந்தார்கள். அவர்கள் மரியாதையோடு உண்டு உறங்க ஓரிடம் வேண்டுமென்று உழைத்த அந்த மனிதருடைய பெயர், சேலத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. முதலில் வேறிடத்தில் இருந்த விடுதி, யுத்தத்துக்குப் பின் இந்தச் சதுக்கத்தில் ரால்ஃப் டப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. இதே சதுக்கத்து 29-ஆம் எண் வீட்டில் பெர்னார்ட் ஷாவும், அவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வர்ஜீனியா உல்ஃபும் குடியிருந்திருக்கிறார்கள்.

என் அறையில் ஒற்றைக் கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கை கழுவும் தொட்டி; அவ்வளவுதான். விரிப்பு சலவை மணத்தோடு மொடமொடவென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சதுக்கத்தின் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டு வேளையும் திரை விலகும் வேளையும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், பகலில் கீழேயுள்ள போஜன சாலையில் சோறும் பருப்பும் காய்கறியுமாக நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் ரொட்டித் துண்டோடு திருப்தியடைந்தேன். நான்கு மணி வரை பரபரப்பில்லாமல் படுத்திருந்து, பிறகு எழுந்து புறப்பட முடிந்த அந்தச் சாவகாசத்தை ஈஸ்ட் ஹாமில் நான் அடைந்திருக்கமாட்டேன்.

அன்று 'கிஸெல்'. 1841-இல் பாரிஸில் அரங்கேறிய இந்த நாட்டியத்துக்கும் கோவென்ட் கார்டனுக்கும் ஒரு தனி உறவு உண்டு. 1956-இல் மாஸ்கோவின் போல்ஷாய் குழு முதன்முதலாக லண்டன் வந்தபோது, 46 வயதான உலானோவா இதே மேடையில் கிஸெலாக ஆடினார். அந்தப் பருவத்துச் சீட்டுகளுக்காக ஜனங்கள் இரவு முழுவதும் நடைபாதையிலேயே படுத்துக் காத்திருந்தார்கள். 1962 பிப்ரவரி 21 அன்று மார்கோ ஃபான்டேனும் நூரியெவும் முதன்முதலில் இணைந்து ஆடியதும் இங்கே, இதே நாட்டியத்தில்தான். எனக்கு வாய்த்தது உச்சித் தளத்துப் பலகை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். இரண்டாம் அங்கத்தில், மணமாகும் முன்பே மாண்டுபோன கன்னியரின் ஆவிகள், வெண்ணிற ஆடையில் இரு திசைகளிலிருந்தும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருத்தியும் ஒரு காலைப் பின்னால் நீட்டி, மறு காலால் மெல்லத் தத்தித் தத்தி முன்னேற, ஒரு வரிசை மற்றொரு வரிசைக்குள் புகுந்து, உரசாமல், கலையாமல் மறுபுறம் போய்ச் சேருகிறது. கீழே விலையுயர்ந்த ஆசனத்திலிருப்பவர்களுக்கு முன்வரிசைப் பெண்களின் முகங்கள் தெரிந்திருக்கும். அந்தப் பின்னலின் முழு வடிவமும் மேலிருந்து பார்த்த எங்களுக்கே கிடைத்தது. பாதங்கள் பலகையில் படும் மெல்லிய தட்டொலிகூட அவ்வளவு உயரத்துக்குக் கேட்டது.

கரகோஷம் ஓயும்வரை இருந்து, கடைசி ஆளாக இறங்கினேன். லாங் ஏக்கரைக் கடந்து, ஏழு தெருக்கள் கூடுமிடத்தில் ஆறு சூரியக் கடிகாரங்களோடு நிற்கும் ஸெவன் டயல்ஸ் தூணைச் சுற்றி, ராத்போன் பிளேஸ், ஷார்லட் தெரு வழியாக அரை மணி நடை. குளிர் இருந்தது, தெருக்களில் ஆள் நடமாட்டமும் விளக்கும் இருந்தன. நடக்க நடக்க ஆட்டம் முழுவதும் மனத்தில் மறுபடி ஓடியது. முதல் அங்கத்தில் கிஸெல் பித்துப் பிடித்து ஆடும்போது, முன்பு காதலனோடு ஆடிய அடிகளையே தடுமாறித் தடுமாறி ஆடினாள் என்பது எனக்கு ஷார்லட் தெருவில்தான் விளங்கியது.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெள்ளிக்கிழமைதோறும் பகல் ஒரு மணிக்கு, அடுத்து வரும் நாட்களுக்கான சீட்டுகள் சிலவற்றை அரங்கத்தார் புதிதாக விற்பனைக்கு விடுகிறார்கள். எல்லாம் விற்றுப்போய்விட்டதென்று சொன்ன ஆட்டங்களுக்கும் அப்போது இடம் கிடைப்பதுண்டு. ஆகவே ஜாகையை முன்னதாக நிச்சயம் செய்துகொண்டு, வியாழனன்றே ஊரில் இருக்கும்படி பிரயாணத்தை அமைத்துக்கொள்வது நலம். சனி, ஞாயிறுகளை நான் ஈஸ்ட் ஹாமில் கழிப்பதென்று தம்பியிடம் ஒப்புக்கொண்டதில் அவனுக்கும் மனக்குறை தீர்ந்தது. நினெட் டி வாலுவா 1931-இல் இங்கிலாந்தின் பாலேக் குழுவுக்கு வித்திட்ட ஸாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கு என் விடுதியிலிருந்து முக்கால் மணி நடை. அங்கே போய்வந்ததை அடுத்த இதழில் எழுதுகிறேன்.